‘ஏழைகளைக் கொல்’ என்று பாடுவது எந்த வேஷம்?

உங்கள் தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். சில மாதங்களாக டெட் கென்னடீஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஃப்ரெஷ் ஃப்ரூட் ஃபார் ராட்டிங் வெஜிடபிள்ஸ்’ ஆல்பத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பாட்டுகளின் தலைப்பைப் பார்த்து உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், “அது நையாண்டி அக்கா, உனக்குப் புரியாது” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஏழைகளைக் கொல்’, ‘நான் குழந்தைகளைக் கொல்கிறேன்’, ‘வீட்டுக்காரனைத் தூக்கில் தொங்கவிடுவோம்’ என்பவை உண்மையிலேயே நையாண்டிதானா, இல்லை வன்முறைக்குப் போர்த்திய போர்வையா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: கொடூரமான ஒன்றைப் பாடிவிட்டுக் கேலிக்குத்தான் பாடினேன் என்று ஒருவர் சொன்னால், அதை எதை வைத்து நம்புவது? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன், இருபத்தாறு வருடமாகிறது. அதற்கு முன் கல்லூரி நாட்களில் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். இந்த ஆல்பம் என்னிடம் வந்தது 1990-களின் நடுவில், மூன்று கை மாறிப் பதியப்பட்ட ஒரு கேசட்டாக. அட்டை கிடையாது, வரிகள் அச்சிட்ட தாள் கிடையாது. பாட்டின் கட்டுமானம், ஒலி, மேடைப் பழக்கம் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க அரசியல் நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான். கம்போடியா பற்றிய பாட்டு வரும் இடத்தில், அங்கே உறவுகளைப் பறிகொடுத்த ஒருவர் அதை எப்படிக் கேட்பார் என்பதை அவருக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது.

ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் ஐந்தாறு பேர் ‘கில் தி புவர்’ பாட்டின் பல்லவியைக் கேசட்டோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தோம். மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் ஒருவர் வாசலில் நின்று, “என்ன பாட்டு தம்பி இது, இவ்ளோ சந்தோஷமா பாடுறீங்க?” என்றார். அர்த்தம் சொல்ல வாய் வரவில்லை. அவர் விடாமல் கேட்டதால் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த வேஷம் பாடுற பாட்டு அது?” என்றார். அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அவருடைய தாய்மாமன் தெருக்கூத்தில் துச்சாதனன் கட்டியவர். துச்சாதனன் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு, திரௌபதியின் கூந்தலைப் பிடிக்க வருவான். அந்த வேஷம் கட்டியவர் கெட்டவர் என்று ஊரில் யாரும் நினைப்பதில்லை. எங்களிடம் அண்ணனின் கேள்விக்கு விடை இல்லை. யாராக நின்று பாடுகிறோம் என்று யோசிக்காமலே தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தோம். இந்த ஆல்பத்தின் பதினான்கு பாட்டையும் இன்றுவரை நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் கேட்கிறேன்.

முதலில் உறுதியான பதில்: ஆம், இது நையாண்டி ஆல்பம். பெரும்பாலான பாட்டுகள் வேஷம் கட்டிப் பாடியவை. பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா தன் கருத்தைத் தன் வாயால் சொல்வது குறைவு. தான் வெறுக்கும் ஆளாகவே மாறி, அந்த ஆளுடைய குதூகலத்தோடு பாடுவார். ஆனால் எல்லாப் பாட்டிலும் வேஷம் ஒரே அளவு பொருந்தவில்லை. ஓரிரு இடங்களில் வேஷமே இல்லை என்பது என் எண்ணம். உங்கள் சங்கடம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

அது பிறந்த ஊரையும் வருடத்தையும் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாட்டுகளைப் பிடிக்க முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ, 1978. ஈஸ்ட் பே ரே என்ற கிட்டார்காரர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்தான் இந்தக் குழு. பேஸ் வாசித்தவர் கிளாஸ் ஃபுளோரைடு, டிரம்ஸ் வாசித்தவர் டெட் (Ted). எல்லாமே மேடைப் பெயர்கள். கொலராடோ மாநிலத்திலிருந்து வந்த பியாஃப்ராவுக்கு அப்போது இருபது வயது. கடையில் விற்கும் இனிப்பு ஜெல்லியின் பெயரையும், நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்று 1970-இல் பட்டினியிலும் போரிலும் அழிந்த பியாஃப்ரா நாட்டின் பெயரையும் ஒட்டவைத்துத் தனக்குச் சூட்டிக்கொண்டவர். தின்று கொழுத்த தேசமும் சோறில்லாத தேசமும் ஒரே பெயருக்குள். இவர் பாட்டு எழுதும் முறை முழுவதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ‘செத்துப்போன கென்னடிகள்’ என்ற குழுப் பெயருக்கும் அவர் விளக்கம் தந்திருக்கிறார்: அதிபர் ஜான் கென்னடியும் அவர் தம்பி ராபர்ட்டும் கொல்லப்பட்டதோடு அமெரிக்கா தன்னைப் பற்றிக் கண்ட கனவும் செத்தது என்பதே பொருள், குடும்பத்தைப் புண்படுத்த அல்ல. எனக்கு அந்த விளக்கம் பாதிதான் போதுமானதாக இருக்கிறது. அதிர வைக்க வேண்டும் என்ற ஆசையும் அந்தப் பெயரில் இருக்கிறது. இந்தப் பெயரால் சில அரங்குகளில் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வாசிக்க வேண்டியிருந்தது.

அந்த வருட நவம்பர் மாதத்தைப் பாருங்கள். 18-ஆம் தேதி, தென் அமெரிக்காவின் கயானாவில் ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் விஷத்தால் இறந்தார்கள். அவர்கள் சேர்ந்திருந்த ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ என்ற மதச்சபை அதற்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோவில்தான் தலைமையிடம் வைத்திருந்தது. அதன் தலைவர் ஜிம் ஜோன்ஸ் நகர வீட்டுவசதி ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர். 22-ஆம் தேதி, ஜான் கென்னடி சுடப்பட்ட பதினைந்தாம் நினைவு நாளில், மபுஹே கார்டன்ஸ் என்ற ஃபிலிப்பினோ உணவகத்தில் டெட் கென்னடீஸ் கச்சேரி. ரசனைக்கேட்டின் உச்சம் இது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி வந்தது. 27-ஆம் தேதி, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும், தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் தேர்தலில் நின்று ஜெயித்த நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் நகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் டான் வைட், முன்னாள் போலீஸ்காரர், சில நாள் முன்பு வரை அதே மன்றத்தில் உறுப்பினர். பாட்டில் வரும் கொடூரம் பெரிதா, ஊரில் நடந்த கொடூரம் பெரிதா என்று அன்று அந்த ஊரில் ஒருவர் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

டான் வைட் உலோகச் சோதனைக் கருவியைத் தவிர்க்க அடித்தளச் சன்னல் வழியாக நுழைந்தவர். மாற்றிப் போடத் தோட்டாக்கள் வைத்திருந்தவர். ஆனாலும் 1979 மே 21 அன்று ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதைவிடக் குறைந்த குற்றத்தின் கீழ் ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனை. ஏறத்தாழ ஐந்து ஆண்டில் வெளியே வந்துவிட்டார். கேக் தின்றதால் சித்தம் கலங்கிச் சுட்டார் என்று அவருடைய வக்கீல்கள் வாதிட்டதாக ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. அது முழுச் சரியல்ல. மன அழுத்தத்தில் இருந்தார், அதற்கு அடையாளமாகக் கண்டதையும் தின்ன ஆரம்பித்தார் என்பதே நீதிமன்றத்தில் வைத்த வாதம். தீர்ப்பு வந்த அன்றிரவு கூட்டம் நகராட்சிக் கட்டடத்தின் கண்ணாடிகளை உடைத்தது, போலீஸ் கார்கள் வரிசையாக எரிந்தன. பிறகு போலீஸார் தன்பால் ஈர்ப்பாளர்கள் வாழும் காஸ்ட்ரோ பகுதிக்குள் புகுந்து ஒரு மதுக்கூடத்தில் இருந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். உங்கள் தம்பியின் கைப்பேசியில் தெரிகிற அந்த ஆல்பம் அட்டை, எரியும் கார்கள், அந்த இரவில் எடுத்த புகைப்படம். ஒப்பனையோ ஓவியமோ கிடையாது. பாட்டுக்குள் போகும்முன் அட்டையே, இது நாங்கள் கற்பனை செய்த தீ அல்ல என்று சொல்லிவிடுகிறது.

அதே வருட இலையுதிர் காலத்தில் பியாஃப்ரா மேயர் தேர்தலிலேயே நின்றார். வணிகர்கள் நகர எல்லைக்குள் கோமாளி உடை போட வேண்டும், டான் வைட்டுக்கு ஊரெங்கும் சிலை வைத்து அதன்மேல் எறிய முட்டையும் தக்காளியும் நகராட்சியே விற்க வேண்டும் என்பவை வாக்குறுதிகள். கூடவே, போலீஸ்காரர்களை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒன்று. கோமாளி உடைக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றை வைத்ததுதான் அவர் வேலையின் நுட்பம். சிரித்துக்கொண்டே படித்து வருகிறவர் அங்கே நின்றுவிடுவார். ஏறத்தாழ 6,600 பேர் ஓட்டுப் போட்டார்கள், நூற்றுக்கு நாலுக்குக் கொஞ்சம் கீழே.

ஆல்பம் 1980 மே, ஜூனில் பதிவாகி, செப்டம்பரில் இங்கிலாந்தின் செர்ரி ரெட் நிறுவனம் மூலம் வெளிவந்தது. மொத்தம் 33 நிமிடம்தான். தயாரிப்பாளர் என்று அட்டையில் இருக்கும் நார்ம், ஒலிக்கலவை செய்தவர் வளர்த்த பூனை.

‘கில் தி புவர்’ தான் முதல் பாட்டு. அதன் தொடக்கத்தை உங்கள் தம்பியிடம் சொல்லி ஒருமுறை தனியாகப் போட்டுக் கேளுங்கள். கிட்டார் நிதானமாக, கொடியேற்று விழாவுக்கு உரிய கம்பீரத்தோடு நடக்கிறது. மேலே பியாஃப்ரா, நல்ல செய்தி அறிவிக்கும் ஓர் உயரதிகாரியின் குரலில் தொடங்குகிறார்: நியூட்ரான் குண்டு வந்துவிட்டது, வேலை சுத்தமாக முடியும், ஆள்தான் போவான், சொத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு டிரம்ஸ் பாய்கிறது, விருந்து தொடங்கிவிடுகிறது. சேரிகள் காலி, வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைவு, வரிப்பணம் மிச்சம். அந்த ஆளுக்கு ஏழைகள்மேல் கோபமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வரவு செலவுக் கணக்கு சரியாக வருகிற சந்தோஷம்தான் இருக்கிறது. வேஷத்தை நான் அடையாளம் கண்டுகொண்டது இந்தச் சந்தோஷத்தில்தான். கொல்லச் சொல்லித் தூண்டுகிற பாட்டு எதிரியைப் பற்றி அசிங்கமாகப் பேசும், அவன் நம்மை அழிக்க வருகிறான் என்று பயமுறுத்தும். இந்தப் பாட்டில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. பாடுகிறவன் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

நியூட்ரான் குண்டு கற்பனையல்ல. 1977, 78-இல் அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமாக இருந்தது. அதிபர் கார்ட்டர் 1978 ஏப்ரலில் உற்பத்தியைத் தள்ளிவைத்தார். அவருக்குப் பின் அதிபரான ரீகன் 1981-இல் தொடங்கச் சொன்னார். கட்டடம் அப்படியே நிற்கும், மனிதர் மட்டும் சாவார் என்று மக்கள் பேசிக்கொண்டது மிகை. அதிலும் வெடிப்பு உண்டு, அருகிலுள்ள கட்டடங்கள் தரைமட்டமாகும். ஆனால் சொத்து மிஞ்சும் என்பதை ஒரு குண்டின் சிறப்பாக எடுத்துச் சொல்ல முடிந்த மொழியைத்தான் பாட்டு பிடித்துக்கொண்டது. அந்த மொழி உண்மையிலேயே புழக்கத்தில் இருந்தது.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை எழுத முடியாது, ஏனென்றால் நையாண்டியில் பாதி அங்கேதான் இருக்கிறது. இவர்கள் வாசித்த ராக் வகைக்குப் பங்க் என்று பெயர். பங்க் என்றால் மூன்று ஸ்வரக்கட்டு, வேகம், கத்தல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஈஸ்ட் பே ரே வாசிப்பது அப்படி இல்லை. 1960-களின் கலிஃபோர்னியாக் கடற்கரை கிட்டார் இசை அவர் கையில் இருக்கிறது. வெயில், அலை, விடுமுறை என்று கொண்டாட்டமாக ஒலித்த இசை அது. அதே நாதத்தை டேப் எக்கோ என்ற எதிரொலிக் கருவியில் ஊறப்போட்டு, சுருதிகளைக் கொஞ்சம் நெருடலாக நகர்த்தி, பயம் பிடிக்கும்படி மாற்றுகிறார். பியாஃப்ராவின் குரல் ஒவ்வொரு நீண்ட சொல்லின் கடைசியிலும் நடுங்கும். மேடைப் பிரசங்கியும் நாடக வில்லனும் கலந்த நடுக்கம். கலவையில் அந்தக் குரலை முன்னால் வைத்திருக்கிறார்கள். சொல் கேட்காவிட்டால் வேஷம் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘கெமிக்கல் வார்ஃபேர்’ பாட்டின் நடுவே திடீரென்று விருந்து மண்டபத்து வால்ட்ஸ் மெட்டு ஒன்று வரும். நச்சுவாயு வந்துசேரும் இடம் அது என்று புரிவதற்குள் அலறல் கேட்கும். வரியில் சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியம் ஆகியிருக்கும். இசையால் சொன்னதால் வயிற்றைப் பிசைகிறது.

‘ஹாலிடே இன் கம்போடியா’ தான் ஆல்பத்தின் சிகரம். தொடக்கத்தில் பேஸ் ஒரே இடத்தில் சுற்றுகிறது, கிட்டார் இருட்டில் தடவித் தடவி வருவதுபோல் மேலே ஏறுகிறது. நான் மாணவனாக இருந்தபோது விரல் நுனி தடிக்கும்வரை வாசித்துப் பழகிய பேஸ் வரி அது. இதில் பாடுபவர் கொலைகாரனாக நிற்கவில்லை. எதிரே ஒரு வசதியான கல்லூரிப் பையனை நிறுத்திவைத்து அவனிடம் பேசுகிறார். ஒன்றிரண்டு வருடம் படித்துவிட்டு உலகமே தெரிந்துவிட்டதாக நினைப்பவன், சேரியில் வாழ்பவர்களின் வலி தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்பவன், அப்பா பணத்தில் புரட்சி பேசுபவன். உனக்குத் தேவை ஒரு விடுமுறை, கம்போடியாவுக்குப் போ என்கிறது பாட்டு. அங்கே விளம்பரப் பலகை போல அடுக்கப்படும் சலுகைகள் எல்லாம் கட்டாய உழைப்பும் ஒரு வேளைச் சோறும் சாவும்தான். முடிவில், கம்போடியாவை அப்போது ஆண்ட போல் பாட் என்ற சர்வாதிகாரியின் பெயர் அணிவகுப்பு முழக்கம்போல் மீண்டும் மீண்டும் வருகிறது.

பின்னணியை உங்கள் தம்பி தெரிந்துவைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 1975 ஏப்ரல் 17 அன்று, போல் பாட் தலைமையிலான க்மேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை தலைநகர் நாம் பென்னைப் பிடித்து, நகரத்தையே காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நுழையும்வரை நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். படித்தவர் என்ற சந்தேகமே பலரைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டின்மேல் கொட்டிய குண்டுகளும் வரலாற்றில் இருக்கின்றன. பாட்டு அதைத் தொடவில்லை. பாட்டின் குறி அமெரிக்க மாணவன், கம்போடியா அவனை அடிக்கும் சாட்டை. இங்கேதான் எனக்கு உறுத்தல். வேறு ஒரு மக்களின் பேரழிவைச் சாட்டையாக எடுக்கும்போது, அந்த மக்கள் யாரும் பாட்டுக்குள் முகத்தோடு வருவதில்லை. 1980-இல் வந்த தனிப்பாட்டுத் தட்டின் அட்டையில் தொங்கும் ஒரு பிணத்தை ஒருவன் இரும்பு நாற்காலியால் அடிக்கும் படம் போட்டார்கள். அது கம்போடியாவில் எடுத்ததே அல்ல, 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாட் பல்கலைக்கழகத்தில் நடந்த மாணவர் படுகொலையின் படம். அந்த மாணவர்களின் சாவு வேறு அரசியல், வேறு நாடு. ஒலியிலும் வரியிலும் இத்தனை கவனம் எடுத்தவர்கள் அங்கே கவனம் எடுக்கவில்லை என்று நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். வரிகளுக்குள் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லும் வருகிறது. பீற்றிக்கொள்ளும் அந்தப் பையனைக் குத்தத்தான் அது வருகிறது. பிற்கால மேடைகளில் அதை மாற்றிப் பாடியிருக்கிறார்கள். மாற்றியது சரி என்பது என் கருத்து.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு இந்தப் பாட்டு வேண்டும். வசதியாக உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் துன்பத்தைப் பற்றிப் பேசும் இருபது வயதுப் பையனாக நானும் இருந்தேன். கேசட்டில் அந்தக் குரல் என்னைப் பார்த்துப் பேசியது.

‘கலிஃபோர்னியா ஊபர் ஆலெஸ்’ இன்னொரு வகை. இதில் வேஷத்துக்குப் பெயரே உண்டு: அப்போதைய கவர்னர் ஜெர்ரி பிரவுன். ஆடம்பர மாளிகையை விட்டுச் சாதாரண அடுக்ககத்தில் வாழ்ந்தவர், ஜென் தியானத்தில் ஈடுபாடு உள்ளவர், 1976-இலும் 1980-இலும் அதிபர் பதவிக்குக் குறிவைத்தவர். அவரே புன்னகையோடு பாடுவதாக எழுதிய பாட்டு. எல்லாரும் ஓடவேண்டும், தியானம் செய்யவேண்டும், சாந்தமாக இருக்கவேண்டும், மறுத்தால் முகாம். தலைப்பில் உள்ள ‘ஊபர் ஆலெஸ்’ (எல்லாவற்றுக்கும் மேலே) ஜெர்மானிய தேசிய கீதத்தின் பழைய அடியிலிருந்து எடுத்தது. இனிமை பேசும் அதிகாரம் எங்கே போய் முடியலாம் என்ற எண்ணம் கூர்மையானது. ஆள் விஷயத்தில் கணிப்பு பொய்த்தது. அதிபரானவர் பிரவுன் அல்ல, 1980 நவம்பரில் ரொனால்ட் ரீகன் ஜெயித்தார். குழுவே அதை ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்த வருடமே அதே பாட்டை, இப்போது அதைவிடப் பெரிய பிரச்சினை வந்துவிட்டது என்ற பொருளில் தலைப்பிட்டு, ரீகனைப் பற்றியதாக மாற்றிப் பாடினார்கள். பிரவுன் 2011 முதல் 2019 வரை மறுபடி கவர்னராக இருந்து நிதானமாகவே ஆட்சி நடத்தினார்.

வீட்டுக்காரனைத் தொங்கவிடச் சொல்லும் பாட்டில் பேசுபவர் வாடகைக்கு இருப்பவர். வெந்நீர் வராது, கரப்பான் ஊரும், வாடகை மட்டும் ஏறும். மெட்டோ உதடு தானாக முணுமுணுக்கும் மெட்டு. 1977 ஆகஸ்டில் அதே ஊரில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்ற கட்டடத்திலிருந்து ஏழை ஃபிலிப்பினோ, சீன முதியவர்களை நள்ளிரவில் நூற்றுக்கணக்கான போலீஸாரைக் கொண்டு வெளியேற்றினார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1979 ஜூனில்தான் வந்தது. அந்தக் கோபம் அசல். இங்கே எதிராளியின் வேஷம் இல்லை, இயலாதவன் வாயில் வரும் சாபம்தான். ஆனால் தலைப்பில் உள்ள ‘லின்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அமெரிக்காவில் கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்ட வரலாறு இருக்கிறது. அந்தச் சொல்லை ஒரு வீட்டுக்காரர்மேல் எறிந்தது எனக்கு ஒப்பவில்லை.

‘நான் குழந்தைகளைக் கொல்கிறேன்’ பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாட்டில் எனக்கு வேஷம் பிடிபடவில்லை. கடவுள் கட்டளையிட்டதாகச் சொல்லும் ஒரு பைத்தியக்காரனின் குரலில் ஆரம்பிக்கிறது. உலகத்தைப் பெரியவர்கள் கெடுத்துவைத்ததற்கான பழிவாங்கல், கொலைகாரர்களைப் புகழேற்றும் பத்திரிகைகள்மேல் அடி என்றெல்லாம் விளக்குபவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது அந்த விளக்கம் எதுவும் எனக்குக் காதில் விழுவதில்லை. ‘கில் தி புவர்’ பாட்டில் கொல்பவனுக்கு என்ன லாபம் என்று தெரியும், அவன் எந்த வர்க்கம், எந்த விருந்தில் நிற்கிறான் என்று தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. அதிர்ச்சி மட்டும்தான் மிஞ்சுகிறது. கடிதம் திருடுவதைப் பற்றிய பாட்டும் அப்படித்தான், வெறும் சேட்டை.

நையாண்டிக்கு ஒரு பழைய ஆபத்து உண்டு. அதியமான் அனுப்பிய தூதாக ஔவை தொண்டைமானிடம் போய், உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் இருக்கிறது. கேட்டவர் ஒரே ஒரு மன்னர், உட்பொருள் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இசைத்தட்டு அப்படியல்ல, யார் யார் கைக்கோ போகும். இந்தக் குழுவின் கச்சேரிகளுக்கு நாஜிச் சின்னம் அணிந்து வந்து அடிதடி செய்த இளைஞர்கள் இருந்தார்கள். அப்போது குழு என்ன செய்தது என்பதைத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு முக்கிய ஆதாரமாக வைப்பேன். 1981-இல், நாஜி பங்க்குகளே வெளியே போங்கள் என்று பச்சையான வசைச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நிமிடப் பாட்டு வெளியிட்டார்கள். வேஷமும் இல்லை, இரண்டு பொருளும் இல்லை. கேலிக்குத்தான் சொன்னேன் என்று ஒளிந்துகொள்பவர், தவறாகப் புரிந்துகொண்டு கைதட்டும் கூட்டத்தை இழக்க மாட்டார். இவர்கள் இழந்தார்கள்.

பெரிய இடத்தைக் கேலி செய்தபோதும் ஒளியவில்லை. 1980 மார்ச் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி இசை விருது விழாவில், புதிய பாணிக்கு நாங்களும் இடம் தருகிறோம் என்று காட்ட இவர்களை அழைத்தார்கள். அறிவித்த பாட்டைச் சில நொடிகளில் நிறுத்தி, நாங்கள் வளர்ந்துவிட்டோம், இனி பங்க் இல்லை என்று சொல்லி, வெள்ளைச் சட்டையில் இருந்த எஸ் எழுத்தின்மேல் கழுத்துப் பட்டையைத் தொங்கவிட்டு டாலர் சின்னமாக்கினார்கள். பிறகு அங்கே கூடியிருந்த இசைத் தொழிலையே கிண்டல் செய்யும் பாட்டு ஒன்றை வாசித்தார்கள்.

உங்களைப் போலவே கவலைப்பட்ட ஒரு குடும்பம் அமெரிக்காவிலும் இருந்தது. இவர்களுடைய 1985 ஆல்பத்துக்குள் வைத்திருந்த ஓவியச் சுவரொட்டி ஆபாசமானது என்று, அதை வாங்கிய சிறுமியின் தாய் புகார் செய்தார். 1986 ஏப்ரலில் பியாஃப்ராவின் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்கு தள்ளுபடியானது. அது வேறு ஆல்பம், வேறு விவகாரம். உங்கள் தம்பி கேட்பதில் அது இல்லை. குழு அதற்குள் கலைந்துவிட்டது. பிற்காலத்தில் உரிமைத்தொகை பற்றி மற்ற உறுப்பினர்கள் பியாஃப்ராமேல் வழக்குப் போட்டு 2000-இல் ஜெயித்தார்கள். கால்சட்டை விளம்பரத்துக்குக் கம்போடியா பாட்டைத் தர மறுத்ததே சண்டையின் வேர் என்பது பியாஃப்ரா தரப்பு. பணம் ஒழுங்காக வராததே காரணம் என்பது மற்றவர்கள் தரப்பு. தீர்ப்பு உறுதி, உள்நோக்கம் பற்றிய பேச்சு இரண்டு பக்கமும் சொல்வது.

உங்கள் தம்பியிடம் ஆல்பத்தைப் பறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உனக்குப் புரியாது’ என்ற அவருடைய பதிலையும் ஏற்க வேண்டாம். வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து கேளுங்கள். முதலில் ‘கில் தி புவர்’, பிறகு கம்போடியா பாட்டு, அதன் பிறகு ஜெர்ரி பிரவுன். ஒவ்வொன்றுக்கும் எங்கள் மெஸ் அண்ணன் கேட்டதையே கேளுங்கள்: இது எந்த வேஷம் பாடுற பாட்டு? அவர் சொல்லிவிட்டால், என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார். குழந்தைகளைப் பற்றிய அந்தப் பாட்டுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள். முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.